நிலாவெளி மணலுக்கு அடியில் எதை முதலில் அளப்பது?

ஒரு மாரி, ஒரு கோடை, கையில் சொற்பக் காசு. திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரையான கரையோர மணலில் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று ஒரு கணினி மொடல் செய்யவேண்டும். எதை அளப்பது, எதை விடுவது? இதே கேள்வியை இறுதியாண்டு மாணவி ஒருவரும், உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் வேலைசெய்யும் நண்பரும், சின்ன வெங்காயம் செய்கிற ஒருவரும் சில மாத இடைவெளியில் என்னிடம் கேட்டார்கள். வெங்காயக்காரர் மொடல் என்ற சொல்லை எடுக்கவேயில்லை. "பக்கத்து ஹோட்டல்ல இன்னும் ரெண்டு குழாய்க்கிணறு அடிச்சா என்ட கிணறு சவராகுமா?" என்றுதான் கேட்டார். மூன்றிலும் நல்ல கேள்வி அவருடையது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மென்பொருள் இங்கே பிரச்சினையே அல்ல. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் மொட்ஃப்ளோ 1984 முதல் இருக்கிறது, இலவசம். உவர்நீரின் அடர்த்தியையும் சேர்த்துக் கணிக்க சீவாட் இருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டும் எதைக் கொடுத்தாலும் மறுப்புச் சொல்லாமல் வாங்கி, அழகான நிறங்களில் வரைபடம் போட்டுத் தரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

## எந்த நிலம் என்பது முதலில்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் பழைய பளிங்குப் பாறையின் மேல் இருக்கிறது. நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்துப் பேசுவது இங்குள்ள வழக்கம்: யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல், ஆழத்தில் அடைபட்ட நீர், கரையோர மணல், ஆற்று வண்டல், பாறைக்கு மேலுள்ள சிதைமண், தென்மேற்கின் கபுக்கல் (செம்புரைக்கல்). திருகோணமலை மாவட்டத்துக்குள் மட்டும் இவற்றில் மூன்று வந்துவிடுகின்றன. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் உயர்ந்த பழைய கடற்கரை மணல். மூதூர், வெருகல் பக்கம் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல். மொரவெவ, கோமரங்கடவல பக்கம் பாறையும் அதன்மேல் சிதைமண்ணும்.

ஆகவே "திருகோணமலை நிலத்தடி நீர் மொடல்" என்று ஒன்றைச் செய்யப் போகிறேன் என்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது, எந்தத் திருகோணமலை என்பதுதான். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி கரையோர மணலைப் பற்றியது. மற்ற இரண்டுக்கும் கடைசியில் சில வரிகள் உண்டு.

## எதைக் கொண்டு நிறுப்பது

வழிகளை ஒப்பிடுமுன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முடிவை மாற்றுமா? ஒரு விடயம் தெரியாமல் இருப்பதாலேயே அதைத் தகவல் இடைவெளி என்று சொல்லிவிட முடியாது. அதன் மிகக் குறைந்த மதிப்பையும் மிகக் கூடிய மதிப்பையும் போட்டுப் பார்க்கவேண்டும். விடை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அதை அளக்கச் செலவழிப்பது வீண்.

வேறு வழியில் ஊகிக்க முடியாததா? மணல் நீரைக் கடத்தும் தன்மையைச் சல்லடையில் அரித்தே ஓரளவு சொல்லலாம். பக்கத்துத் தோட்டத்து மோட்டர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை எந்தச் சல்லடையாலும் சொல்ல முடியாது.

தவறினால் திரும்ப வருமா? பாறையின் ஆழம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். இந்த செப்டெம்பர் மாதத்து நீர்மட்டம் இருக்காது.

மறைசெலவு என்ன? அனுமதி, திரும்பப் போகும் பயணம், மட்டம் பார்க்கும் கூலி, பிழை திருத்தும் நேரம் எல்லாம் இதில் அடங்கும்.

நீங்கள் போனபின் யாராவது தொடர்வார்களா?

ஐந்தும் சம எடை அல்ல. என் தராசில் முதலாவது பாதி எடை, மூன்றாவது கால்வாசி, மீதி மூன்றும் சேர்ந்து மிச்சக் கால்வாசி.

## களத்துக்குப் போகுமுன் ஒரு கடதாசிக் கணக்கு

முதல் அளவுகோலைப் பிரயோகிக்க, எந்தத் தரவும் கைக்கு வருமுன்னரே ஒரு முரட்டு மொடல் வேண்டும். பெரும்பாலானோர் தரவெல்லாம் சேர்ந்தபிறகுதான் மொடலைத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்வரும் கணக்கை எக்செலில் பத்து நிமிடத்தில் போடலாம்.

கடலுக்கும் களப்புக்கும் இடையில் 1 கிலோமீற்றர் அகல மணல்திட்டு என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் ஊறி, உவர்நீரின்மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1,000 கிலோகிராம், கடல்நீரினது சுமார் 1,025. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி.

ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைநீர் ஊறுகிறது, மணலின் நீர் கடத்துதிறன் நாளுக்கு 10 மீற்றர் என்று போட்டால், திட்டின் நடுவில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் வருகிறது. இப்போது ஊறலை 400 மில்லிமீற்றராகவும் கடத்துதிறனை 20 மீற்றராகவும் மாற்றுங்கள். விடை மறுபடியும் அதே 58 சென்ரிமீற்றர்.

நீர்மட்டம் இரண்டின் விகிதத்தை மட்டுமே அறியும். ஐம்பது கிணற்றில் நீர்மட்டம் அளந்து, மொடலை அதற்கு அச்சொட்டாகப் பொருத்தி, "பிழை 5 சென்ரிமீற்றருக்குள்" என்று அறிக்கை எழுதினாலும், எந்தச் சோடி உண்மை என்று தெரியாது. ஆனால் ஒரு கிலோமீற்றர் நீளத் திட்டுக்கு முதற் சோடியில் நாளொன்றுக்கு சுமார் 550 கனமீற்றர் ஊறுகிறது, இரண்டாவதில் சுமார் 1,100. ஹோட்டலுக்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்பது இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. (ஊறுவதை முழுதும் இறைக்கலாம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். ஒரு பங்கு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தால்தான் உவர் தள்ளி நிற்கும்.)

இதே கணக்கிலிருந்து இரண்டாவது பாடமும் வருகிறது. முழு மேடுமே 58 சென்ரிமீற்றர்தான் என்றால், 10 சென்ரிமீற்றர் பிழை என்பது நன்னீரின் அடியாழத்தில் 4 மீற்றர் பிழை. கையடக்கப் பேசியின் ஜிபிஎஸ் உயரமும் இலவச செய்மதி உயரப்படமும் மீற்றர் கணக்கில் தவறக்கூடியவை. அவற்றை நம்பி வரைந்த நீர்மட்ட வரைபடத்தில் தண்ணீர் கடலிலிருந்து தரைக்கு ஓடினாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அப்படி ஒரு வரைபடத்தை நானே பார்த்திருக்கிறேன். நிறம் மிக நன்றாக இருந்தது.

## வழி 1: இருக்கிற கிணறுகளை அளப்பது

ஒவ்வொரு வளவிலும் கட்டுக்கிணறு ஒன்று இருக்கும் ஊரில் இதுவே மலிவான வழி. அளவு நாடா ஒன்று, உப்பை அறிய மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று, சைக்கிள் ஒன்று போதும் என்று தோன்றும். தோன்றுவது பாதி உண்மை.

மறைசெலவில் முதலாவது மட்டம் பார்ப்பது. கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு என்பது மட்டும் மொடலுக்கு உதவாது. கட்டு கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்பது வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து லெவல் கருவி கொண்டு ஒவ்வொரு கிணற்றுக்கும் இழுத்துவரவேண்டும். 40 கிணறு என்றால் நாடா பிடிக்கும் வேலையைவிட இது பலமடங்கு நேரம் எடுக்கும். திட்ட முன்மொழிவுகளில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டாவதை நானே பட்டுத்தான் படித்தேன். ஒரு கிணற்றில் ஜனவரியில் நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தது. சுற்றியுள்ள எல்லாக் கிணறும் ஏறியிருக்க இது மட்டும் ஏறவில்லை. அடியில் ஏதோ களிப்படை இருக்கிறது என்று இரண்டு கிழமை யோசித்து, மொடலில் ஒரு தடுப்பையும் போட்டுப் பார்த்தேன். திரும்பப் போனபோது அந்த வீட்டு அம்மா சொன்னார்: "மகன், பிள்ளைகள் விழுந்திடும் எண்டு கட்டை கார்த்திகையிலதான் உசத்தினது." ஒரு முழம் புதுச் சீமெந்து. அன்றிலிருந்து கட்டின் மேல்விளிம்பிலிருந்து அளப்பதில்லை. உட்சுவரில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்துதான் அளக்கிறேன்.

மூன்றாவது, ஓய்வு. இறைத்துவிட்டு நிறுத்திய கிணற்றில் அளந்தால் கிணற்றின் மட்டம் கிடைக்கும், நிலத்தின் மட்டம் கிடைக்காது. விடிகாலையில், மோட்டர் போடுமுன் அளப்பதே நல்லது. வெங்காயக் காலத்தில் அதற்கு ஐந்து மணிக்கே போய் நிற்கவேண்டும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆட்கள் பாவிக்கிற கிணறுகளையே நாம் அளக்கிறோம். உவராகிப்போன கிணற்றில் குப்பை கொட்டி மூடிவிடுகிறார்கள், அல்லது பற்றை வளர்ந்து மறைந்துவிடுகிறது. விளைவு, நம் அட்டவணையில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் மட்டும் இருக்கும், மொடலும் அந்த மணலில் உவர் இல்லை என்று நம்பிக்கொள்ளும். கைவிட்ட கிணறுகளைத் தேடிப்பிடித்து அளப்பது இந்த வழியின் மிகப் பெறுமதியான பகுதி என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று: கட்டுக்கிணறு மேல்பகுதி நீரை மட்டுமே காட்டும். அடியில் நன்னீர் எங்கே முடிகிறது என்பதை அது சொல்லாது. கடல்நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு சுமார் 50,000 மைக்ரோசீமன்ஸ். கிணற்றின் மேற்பரப்பிலும் அடியிலும் தனித்தனியே அளந்து பார்த்தால், கீழே நெருங்கிவரும் உவர் சில இடங்களில் முன்கூட்டியே தெரியவரும். எல்லா இடத்திலும் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழியை எங்கே எடுப்பது? காலம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில். இங்கே ஒக்டோபரில் தொடங்கும் மாரிமழைக்கு முன், செப்டெம்பர் கடைசியில் நீர்மட்டம் அடியில் இருக்கும். மழை ஓயும் ஜனவரி, பெப்ரவரியில் உச்சத்தில் இருக்கும். இந்த இரண்டு அளவும் இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். வேறு எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் இந்த இரண்டு சுற்றையாவது செய்துவிடுங்கள்.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகள் எத்தனை முறை இறைக்கப்பட்டன என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். மணலில் திரும்பத் திரும்ப இறைத்தால் சில இடங்களில் அடியிலுள்ள உவர் மேலே ஏறுமே தவிர கிணறு சுத்தமாகாது என்பது பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. உப்பைக் கீழே தள்ளியது பெரும்பாலும் மழைதான். சுனாமிக்கு முந்திய அளவு ஒரு கிணற்றுக்காவது கொப்பியில் இருந்திருந்தால், "பழைய நிலைக்கு வந்துவிட்டதா" என்ற கேள்விக்கு நாக்கால் ருசி பார்த்துப் பதில் சொல்லவேண்டி வந்திராது.

## வழி 2: நில மின்தடை அளவை

தரையில் நான்கு மின்முனைகளை ஊன்றி, மின்னோட்டம் விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் முறை. நன்னீர் நிறைந்த மணல் கூடிய மின்தடை காட்டும், உவர்நீர் நிறைந்த மணல் மிகக் குறைவாகக் காட்டும். நன்னீர்–உவர்நீர் எல்லையைத் தேட இது வேகமான வழி. கிணறு இல்லாத இடத்திலும் செய்யலாம். ஒரு நாளில் சில புள்ளிகளை முடித்துவிடலாம்.

சிக்கல், களியும் உவர்மணலும் மின்தடையில் ஒரே முகம் காட்டும் என்பது. உப்பளங்களுக்குப் பக்கத்திலும் களப்பு ஓரத்திலும் இது பெரிய தலையிடி. ஒரு துளையின் மண் விபரமாவது கையில் இல்லாமல் செய்த மின்தடை அளவையை நான் வாசிப்பதுண்டு, நம்புவதில்லை. மின்கம்பி, கம்பிவேலி, நிலத்தடிக் குழாய் எல்லாம் அளவீட்டைக் கெடுக்கும். ஹோட்டல்கள் நெருங்கியுள்ள உப்புவெளியில் நேராக நீண்ட இடம் தேடுவதே ஒரு வேலை.

இது சிறந்த தெரிவாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மேலே போட்ட கணக்கில் நன்னீர் வில்லையின் அடி 23 மீற்றருக்குப் போனது (58 சென்ரிமீற்றரின் 40 மடங்கு). மணலே அவ்வளவு ஆழம் இல்லை, அதற்கு மேலேயே பாறை வந்துவிடுகிறது என்றால் அந்தக் கணக்கு செல்லாது. நன்னீர் பாறையில் அமர்ந்துவிடும், உவர் பக்கவாட்டில் மட்டுமே நுழையும். பாறை எங்கே என்று தெரியாத இடத்தில் முதற் காசை இதில் போடலாம். தரைக்கு மேலேயே பாறைத்தலை தெரியும் இடங்களில் கேள்வி ஏற்கனவே பாதி தீர்ந்துவிட்டது.

## வழி 3: புதிய துளையும் பம்பிப் பரிசோதனையும்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். துளை போட்டு, ஒரு நாளோ மூன்று நாளோ தொடர்ந்து இறைத்து, பக்கத்துத் துளையில் நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் கடத்துதிறனும் தேக்குதிறனும் கிடைக்கும். ஊறலும் கடத்துதிறனும் பின்னிக்கிடக்கும் அந்தச் சோடியில் ஒன்றை நேரடியாகப் பிடிப்பதால் இது பிரச்சினையின் வேரிலேயே கைவைக்கிறது. கடதாசியில் இந்த வாதத்தை மறுக்க முடியாது.

களத்தில் இரண்டு விடயங்கள் குறுக்கே வரும். ஒரு பரிசோதனை ஒரு இடத்துக்கான விடை. மணலின் கடத்துதிறன் இருநூறு மீற்றருக்குள் இரண்டு, மூன்று மடங்கு மாறலாம். ஆகவே ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முழுத் திட்டுக்கும் எண் போடுபவர், ஊகத்துக்குத் தசமப் புள்ளி வைக்கிறார். பாதிக் காசை ஒரே துளையில் போட்டபிறகு அந்த எண்ணைச் சந்தேகிக்க மனமும் வராது. இதையும் நான் மறைசெலவில்தான் சேர்ப்பேன்.

மற்றது, இறைத்த தண்ணீர். மணலில் பக்கத்திலேயே விட்டால் அது திரும்ப ஊறி முடிவைக் கெடுக்கும். நெடுந்தூரம் குழாய் போடவேண்டும். ஒரு நாள் தொடர்ந்து இறைத்து அந்தத் துளையே உவராகிப்போனால் அயலவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும். துளை போடுவோரின் மண் பதிவும் பல வேளைகளில் "மணல், மணல், களி, மணல்" என்ற நான்கு சொல்லில் முடிந்துவிடும். துளை போடும்போது நீங்களோ உங்கள் ஆளோ பக்கத்தில் நின்று, மீற்றருக்கு ஒரு பை மண் எடுத்து வைக்காவிட்டால், செலவழித்த காசின் பாதி மண்ணோடு போயிற்று.

காசு இல்லாதவர்களுக்கு மாற்று உண்டு. அந்த மண்ணைச் சல்லடையில் அரித்து, மணிகளின் பருமனிலிருந்து ஹேசன் சூத்திரத்தால் கடத்துதிறனை ஊகிக்கலாம். இருக்கிற கட்டுக்கிணற்றையே இறைத்து அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்றும் பார்க்கலாம். அகன்ற கிணற்றுக்குள் தேங்கியிருக்கும் தண்ணீர் கணக்கைக் குழப்பும் என்பதால், அதற்கென்றே பாபடோபுலொஸும் கூப்பரும் 1967 இல் கொடுத்த முறையைப் பயன்படுத்தவேண்டும். சாதாரணக் குழாய்க்கிணற்றுச் சூத்திரத்தைக் கட்டுக்கிணற்றுக்குப் போட்டுத் தவறான விடை எடுத்த ஆய்வேடுகள் குறைவில்லை.

## வழி 4: இறைப்பையும் ஊறலையும் கணக்கெடுப்பது

கருவி தேவைப்படாததாலோ என்னவோ இதை யாரும் அறிவியல் என்று மதிப்பதில்லை. எனக்கு இதுதான் பிடித்தது.

20 லீற்றர் வாளி ஒன்றும் கைக்கடிகாரமும் கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போங்கள். வாளி 8 வினாடியில் நிரம்பினால் அந்த மோட்டர் மணித்தியாலத்துக்கு 9,000 லீற்றர் தருகிறது. நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஓடினால் 27 கனமீற்றர். ஒரு சதுரக் கிலோமீற்றருக்குள் இப்படி இருபது மோட்டர் என்றால் 540 கனமீற்றர். மேலே முதற் சோடியில் அந்தத் திட்டுக்கு ஊறுவதாக வந்த அளவும் ஏறத்தாழ அதேதான்! வெங்காயம் வருடம் முழுக்க நிற்பதில்லை, மணலில் பாய்ச்சியதில் ஒரு பங்கு திரும்ப ஊறும், உண்மைதான். ஆனாலும் இறைப்பை மொடலில் "சிறிதளவு" என்று எழுதிவிட்டுப் போகமுடியாது என்பதை ஒரு வாளி காட்டிவிட்டது.

ஊறலுக்கு மலிவான வழி, வழி 1 இல் எடுத்த இரண்டு சுற்று அளவுகள்தான். செப்டெம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் நீர்மட்டம் 90 சென்ரிமீற்றர் ஏறியிருந்தால், மணலின் நீர்விடும் பங்கு (மணலின் கனவளவில் வடிந்து வெளிவரக்கூடிய நீரின் பங்கு) ஐந்தில் ஒன்று என்று எடுத்தால் 180 மில்லிமீற்றர் ஊறியிருக்கிறது. அந்தப் பங்கு பத்தில் ஒன்றுதான் என்றால் 90 மில்லிமீற்றர். ஏறும்போதே தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டும் இருப்பதால் இது குறைந்தபட்ச அளவு. மழைநீரிலும் கிணற்று நீரிலும் குளோரைட்டை ஒப்பிட்டு ஊறலைக் கணிக்கும் முறையும் உண்டு. ஆனால் கடல் காற்றே உப்பைச் சுமந்துவரும் கரையோரத்தில் அதை நான் நம்பமாட்டேன்.

மறைசெலவு இங்கே மனிதர்கள். எவ்வளவு இறைக்கிறீர்கள் என்று கேட்டால் வரி போடப்போகிறார்கள் என்று நினைப்பவர் குறைத்துச் சொல்வார். நிவாரணம் வரும் என்று நினைப்பவர் கூட்டிச் சொல்வார். ஹோட்டலில் முகாமையாளருக்குத் தெரியாது, மோட்டர் போடும் பையனுக்குத்தான் தெரியும். கிராம உத்தியோகத்தரையோ கமநல சேவை நிலையத்தில் தெரிந்த ஒருவரையோ கூட்டிப்போனால் கதவு திறக்கும், ஆனால் பதிலின் நிறமும் மாறும். என் வழக்கம் தனியாகப் போவது, முதல் நாள் கேள்வி கேட்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது.

கணக்கெடுக்கும்போது ஒரு பொறி: குழாய்த் தண்ணீர். திருகோணமலைக்குக் குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அது வீட்டில் பாவிக்கப்பட்டு மலசலகூடக் குழிவழியே மணலுக்குள் போகும்போது, எந்த மழைமானியிலும் பதியாத ஊறலாகிவிடுகிறது. குழாய் கசிந்தாலும் அப்படியே. குழாய் இணைப்பு வந்தபின் அந்தத் தெருக் கிணறுகள் கோடையிலும் இறங்காமல் நிற்பதாகத் தெரிந்தால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

## பழைய கோப்பும் செய்மதியும்

தனி வழியாக எண்ணாமல் ஒரு கிழமை ஒதுக்குங்கள். நீர்வள சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, வளிமண்டலவியல் திணைக்களம் ஆகியவற்றுக்குக் கடிதம் எழுதி, துளைப் பதிவுகளும் மழைத் தரவும் கேளுங்கள். கடிதத்துக்குப் பதில் வரும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஈர்ப்புவிசையை வைத்து நிலத்தடி நீரைச் சொல்லும் கிரேஸ் செய்மதித் திட்டத்தைப் பற்றிச் சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். அது ஒரே பார்வையில் பிடிக்கும் பரப்பு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமானது. இலங்கையே அதற்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. நிலாவெளி அதில் தெரியாது.

## ஒரே பார்வையில்

| வழி | எதைத் தீர்க்கும் | எதைத் தீர்க்காது | ஒளிந்திருக்கும் செலவு | எப்போது முந்தும் |
|---|---|---|---|---|
| கிணறு அளத்தல் | ஓட்டத்தின் திசை, பருவ ஏற்றிறக்கம் | ஊறலையும் கடத்துதிறனையும் பிரித்தறிதல் | மட்டம் பார்த்தல், விடிகாலைப் பயணம் | மாரிக்கு முன் நேரம் இருந்தால் எப்போதும் |
| மின்தடை அளவை | பாறை ஆழம், உவர் எல்லை | களியா உவரா என்ற ஐயம் | ஒப்பிட ஒரு துளை | மணலின் தடிப்பே தெரியாதபோது |
| துளை, பம்பிப் பரிசோதனை | அந்த இடத்தின் கடத்துதிறன் | அடுத்த இருநூறு மீற்றர் | நீரை அப்புறப்படுத்தல், உவராகும் அபாயம் | குறித்த ஓர் இடத்துக் குழாய்க்கிணற்றுக்கு அனுமதி கேட்கும்போது |
| இறைப்பு, ஊறல் கணக்கு | தண்ணீரின் மொத்த வரவு செலவு | உவர் எங்கே நிற்கிறது | நம்பிக்கை, நேரம், கூடக்குறையச் சொல்லும் பதில்கள் | தோட்டமும் ஹோட்டலும் நெருங்கிய இடத்தில் |

## மணலை விட்டு உள்ளே போனால்

மூதூர், வெருகல் வண்டலில் கதை வேறு. அங்கே கடலோடு ஆறும் ஒரு எல்லை. ஆற்றுப் படுக்கை எவ்வளவு கசியும் என்பதும், வண்டலுக்குள் களிப்படைகள் எங்கே தொடர்கின்றன, எங்கே அறுகின்றன என்பதும் விடையைப் புரட்டும். எனவே துளைப் பதிவும் மின்தடையும் முன்னுக்கு வரும், கூடவே ஆற்று மட்டமும் வேண்டும். அல்லை, கந்தளாய், தம்பலகாமப் பக்கம் வயலுக்குப் பாயும் குளத்துநீரும் வாய்க்கால் கசிவும் மழைக்கு நிகரான ஊறலாகலாம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர் விடுவிப்புப் பதிவை எடுக்காமல் அங்கே எந்த மொடலும் பொருந்தாது. சிறுபோகத்தில் கிணறு ஏறினால் அதை மழையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பாறை நிலத்தில் இன்னொரு படி பின்னால் போகவேண்டும். வெடிப்புகளில் ஓடும் நீரை மணலில் ஓடுவதைப்போல் பாவித்துக் கணிக்கலாமா என்பதே அங்கே முதல் ஐயம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நகரிலிருந்து சில கிலோமீற்றரில் இருக்கின்றன. அந்தச் சூடு தண்ணீர் பாறைக்குள் மிக ஆழம் போய்த் திரும்புகிறது என்பதற்குச் சாட்சி. ஆனாலும் எங்கள் மொடல்களில் மேற்கு எல்லையில் "இங்கே ஓட்டம் இல்லை" என்று ஒரு கோடு போட்டுவிடுகிறோம், நானும் போட்டிருக்கிறேன். அதையும் கூட்டிக் குறைத்துப் பார்த்து, கரையோர விடை அசைகிறதா என்று சோதிக்கவேண்டும். நான் பார்த்தவரை மணல்திட்டில் பெரிதாக அசையவில்லை, அதனால் அங்கே அளக்கப் போகவில்லை.

## கேட்ட மூவருக்கு

மாணவிக்குச் சொன்னது: ஒரு வருடமே இருக்கிறது, பிராந்தியம் முழுவதையும் விட்டுவிட்டு இரண்டு கிலோமீற்றர் திட்டு ஒன்றை எடுங்கள். செப்டெம்பர், ஜனவரிச் சுற்றுகள், 25 கிணறு, ஒவ்வொன்றுக்கும் மட்டம். கிணறு 50 ஆகி மட்டம் இல்லாமல் போவதைவிட இது மேல். துளைக்குப் பதில் சல்லடை.

அலுவலக நண்பருக்கு: உங்களிடம் மாணவிக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, கேட்கும் அதிகாரம். புதிய கட்டட அனுமதியோடு மோட்டரின் வலுவையும் கிணற்றின் ஆழத்தையும் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். ஐந்து வருடத்தில் அது எந்தக் கருவியும் தராத தரவாகிவிடும். காசு மிஞ்சினால் ஹோட்டல் வரிசைக்கும் தோட்டங்களுக்கும் இடையில் இரண்டு கண்காணிப்புத் துளை, வெவ்வேறு ஆழத்தில்.

வெங்காயக்காரரின் கேள்வியை நல்லது என்று சொன்னதற்குக் காரணம் அதில் எல்லாம் இருந்தது: எந்தக் கிணறு, எந்த மாற்றம், எந்த விளைவு. அந்த மூன்றும் சொல்லப்பட்டால் எதை அளப்பது என்பது தானாக விழும். அவருடைய கிணற்றுக்கும் ஹோட்டல் எல்லைக்கும் இடையிலுள்ள தூரம், ஹோட்டல் இறைக்கப்போகும் அளவு, நடுவில் உவர் எந்த ஆழத்தில் நிற்கிறது. முதலாவதை நடந்து அளந்தோம், 140 காலடி. இரண்டாவதை ஹோட்டலில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. மூன்றாவதற்குத்தான் மின்தடை அளவை, கருவி கிடைக்கும் நாளில். அதுவரைக்கும் அவருடைய கிணற்றின் உட்சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, நாடாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். முதல் அளவு செப்டெம்பர் கடைசிக் கிழமை, விடிய மோட்டர் போடுமுன்.